தோட்டத்துப் பெண்ணின் வாக்கு

தர்மபுரத்து வகுப்பறையிலே 1931ஆம் ஆண்டின் சர்வசன வாக்குரிமையைக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் சற்றுத் தயங்குகிறோம். எதிரே அமர்ந்திருக்கும் மாணவியருட் பலர், 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தோரின் பேர்த்தியர்.

1927இல் கொழும்பிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றிற்று. அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா டொனமூர் ஆணைக்குழுவின்முன் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று வினவினர். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் அவர். வசதிபடைத்த மாதரின் சங்கமொன்று கொழுந்துக்கூடை சுமப்பவளை விட்டுக்கொடுக்கவில்லை. இதனை நாம் பெரிதாகவே மதிக்கிறோம். பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனோ சர்வசன வாக்குரிமையையே எதிர்த்து நின்றார்! ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. முடிவில் 21 வயது இருபாலார்க்கும் பொதுவாயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டு மாதரோ, வாக்குரிமை தமக்கு வேண்டும் என்பதையே 1937இல் தனி வாக்கெடுப்பொன்றில் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

வதிவிட நிபந்தனைகளைத் தாண்டித் தோட்டப் பெண்கள் சிலரும் வாக்காளராயினர். அது நிலைக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை, ஆண் பெண் என்ற பேதமின்றி, நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின.

வன்னிக்கு வந்தபின் அவர்களது கவலை காணியாயிற்று. பெர்மிட் காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலே, வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னே மகன் நின்றான். அவ்வரிசை மாற்றப்பட்டது 2022இலேதான். இதனை அறிந்தோர் உண்டோ என்று வகுப்பிற் கேட்டோம். ஒரு கையேனும் உயரவில்லை.