அறுந்த இழையும் வறண்ட கிணறும்

அருப்புக்கோட்டை என்றால் நூலும் தறியும். அங்கிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் கரிசல்: மானாவாரிப் பருத்தி, மிளகாய், சோளம், இடையிடையே கிணற்றுப் பாசனம். இணைப்புள்ள தொழில் கருவி செய்ய நினைக்கிறவருக்கு இந்த வட்டாரத்தின் இரண்டு வேலைகளும் நல்ல பாடம். ஒன்றுக்கு நூற்பாலையின் ஸ்பிண்டில் சென்சார், மற்றதற்கு செல்போன் ஸ்டார்ட்டர்.

ஒரு ரிங் பிரேமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டில்கள் இருக்கும். நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும். இழை அறுந்தால், இழை ஒட்டும் தொழிலாளியான சைடர் வந்து ஒட்டும்வரை பஞ்சு உறிஞ்சு குழாயில் கழிவாகப் போய்க்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தின் ரீட்டர், ஊஸ்டர் போன்ற நிறுவனங்கள் இதற்காக ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்சார் வைத்தன. வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற சின்னக் கம்பித் துண்டின் ஓட்டத்தை அது எண்ணுகிறது. எண்ணிக்கை நின்றால் இழை அறுந்துவிட்டது. குறைந்தால் ஸ்பிண்டில் வழுக்குகிறது, முறுக்குக் குறைந்த நூல் வருகிறது. உடனே மெஷின் முனையிலும், அந்தப் பகுதியிலும், அந்த ஸ்பிண்டிலிலும் விளக்கு எரியும். சைடருக்குக் கணினி தேவையில்லை. வெளிச்சத்தைப் பார்த்து நடந்தால் போதும்.

கிணற்று மோட்டாரின் கதை வேறு. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வருவதுண்டு. டார்ச்சோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போடும் அவதியைப் போக்கத்தான் புனேயின் சந்தோஷ் ஓஸ்த்வால், செல்போனில் மோட்டாரை இயக்கும் 'நானோ கணேஷ்' கருவியை உருவாக்கினார். இன்று தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை இத்தகைய கருவிக்கு மானியம் தருகிறது. கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டர் பெட்டி தகவல் சொல்லும். போன் போட்டால் மோட்டார் ஓடும். ஒரு பேஸ் போனாலோ, தண்ணீர் வற்றி மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் குறைந்தாலோ, யாரையும் கேட்காமல் தானே நிறுத்திவிடும். கோடையில் கிணறு சீக்கிரம் வற்றும் சீமையில் மோட்டாரைக் காப்பது இந்த ஒரு குணம்தான்.

ஆலைக் கருவிக்குக் கம்பி இணைப்பு, நிலையான மின்சாரம், பராமரிக்க ஆள் எல்லாம் உண்டு. பஞ்சுத் தூசிதான் பெரிய எதிரி. வயல் பெட்டிக்குள் பல்லி புகுந்தே ஷார்ட் ஆகும். 2018 இறுதியில் செல்போன் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கட்டாயமாக்கிய பிறகு, மாதா மாதம் சிம்முக்கும் தீனி போட வேண்டியிருக்கிறது. பழைய பெட்டிகள் 2ஜியை நம்பியவை. ஜியோவில் 2ஜியே கிடையாது.

இருந்தும், வடிவமைப்பில் எனக்கு ஸ்டார்ட்டர்தான் உசத்தி. ஆலைக் கருவியின் உயிர் அந்த விளக்கில் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போகும் ஷிப்ட் அறிக்கைகளை யாரும் புரட்டாவிட்டால் அவை வெறும் குவியல். ஸ்டார்ட்டரில் அப்படிக் கழிக்க எதுவும் இல்லை.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குக் கருவி செய்யும் தம்பி தங்கைகளே, டாஷ்போர்டைப் பிறகு வரையலாம். சிக்னல் போனால் உங்கள் பெட்டி என்ன செய்யும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சிம் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி வையுங்கள். பல்லி நுழையாத மூடியும் போடுங்கள்.