பந்தலும் பாடிவீடும்

மதுரையின் கட்டடக்கலை என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை கோபுரங்களும், ஆயிரங்கால் மண்டபமும், திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களுமே. கல்லும் சுண்ணாம்பும் நெடுங்காலம் நிற்பவை. ஆதலால் வரலாற்று நூல்கள் அவற்றையே மிகுதியாகப் பேசுகின்றன. ஆனால் அவற்றைவிடப் பழமையான மற்றொரு கட்டடக்கலையும் இந்நகரில் உண்டு. அது ஒரு வாரம் நிற்கும். ஒரு மாதம் நிற்கும். பணி முடிந்ததும் கம்பு வேறாகவும், கயிறு வேறாகவும், கீற்று வேறாகவும் பிரிந்து, வந்த வழியே போய்விடும். பந்தல், கொட்டகை, குச்சில், பரண், பாடிவீடு எனப் பல பெயரால் வழங்கும் அக்கலையின் வரலாற்றையே இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் இலக்கியச் சான்று ஒன்றைக் காண்போம். பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. 103 அடிகளே உடையது. போர்மேற் சென்ற மன்னன் காட்டில் அமைத்த பாசறையை அதிலே புலவர் விரித்துரைக்கிறார். காட்டுச் செடிகளை வெட்டி அகற்றி, முள்ளால் வேலி வளைத்து, தழையால் வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக அமைக்கிறார்கள். நாற்சந்திகூட உண்டு; அங்கே யானை நிற்கிறது. வீரர் தம் விற்களையே நிலத்தில் ஊன்றி, அம்பறாத்தூணிகளை அவற்றிலே தொங்கவிட்டு, கயிற்றால் வளைத்துக் கட்டி, இருக்கை அமைத்துக்கொள்கிறார்கள். மன்னனுக்கோ நெடிய கோல்களை நட்டுத் திரைச்சீலையால் தனியிடம் வகுக்கப்படுகிறது.

இதிலே என்னை மிகவும் கவர்ந்தது அந்த வில்லின் செய்திதான். வீடு கட்ட வேண்டிய பொருளை வீரன் தனியே சுமந்து வரவில்லை. பகலில் படைக்கலம், இரவில் அதுவே சுவருக்குக் கால். விடிந்ததும் கயிற்றை அவிழ்த்தால் மீண்டும் வில்லாகிவிடும். தற்காலிகக் கட்டடத்தின் இலக்கணம் முழுவதும் இதற்குள்ளே அடங்கியிருக்கிறது என்பேன். முருகனுடைய திருப்பரங்குன்றம் முதலிய ஆறு தலங்களையும் நாம் படைவீடு என்றே வழங்குகிறோம். நிலையாகக் குடிகொண்ட இறைவனுடைய இல்லத்துக்குப் பெயர்ந்து செல்லும் படையின் பெயர் வாய்த்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

அகழ்வாராய்ச்சியும் இங்கே நமக்குத் துணை செய்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் செங்கற் சுவர்களோடு கூரை ஓடுகளும் கிடைத்தன. அவ்வோடுகளில் மழைநீர் வடிவதற்கு விரல் போன்ற வரிப்பள்ளங்கள் உண்டு. மேற்புறத்தில் துளைகளும் உண்டு. துளை எதற்கு? ஓட்டை மரச்சட்டத்தோடு நாரினாலோ கயிற்றினாலோ சேர்த்துக் கட்டுவதற்கு என்பது ஆய்வாளர் கருத்து. ஓலையை விடுத்துச் சுட்ட மண்ணுக்கு மாறிய பின்னரும், கட்டும் பழக்கத்தை நம் முன்னோர் விட்டுவிடவில்லை என்று இதனால் அறிகிறோம்.

கட்டுவது என்ற சொல்லையே சற்று நோக்குங்கள். நாம் வீடு கட்டுகிறோம் என்கிறோம். செங்கல்லை அடுக்குகிறோம், சாந்து பூசுகிறோம். ஆயினும் சொல் கயிற்றின் சொல்லாகவே இருக்கிறது. மூங்கிலில் ஆணி அறைந்தால் அது நார்வழியே பிளந்துவிடும். கயிற்றால் கட்டினாலோ காற்று மோதும்போது முடிச்சு சிறிது இளகிக் கொடுத்து, மீண்டும் தன் நிலைக்கு வரும். பிரிக்கும்போது கம்புக்கும் சேதமில்லை.

பந்தலுக்கும் கொட்டகைக்கும் உள்ள வேறுபாட்டையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பந்தல் நிழலுக்கானது, அதன் மேற்பரப்பு தட்டையாகவே இருக்கும், பெருமழையை அது தாங்காது. கொட்டகை மழைக்கும் ஆனது. ஆகவே அதன் கூரை செங்குத்தாகச் சரிய வேண்டும். தென்னங்கீற்றை முடைந்து, இறவாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வேய்வார்கள். கூரையின் சாய்வு குறைந்தால் நீர் ஓடாது. ஓலையிடையே தங்கி உள்ளே இறங்கும். வைகைப் பாசனத்தால் செழித்த சோழவந்தான் பக்கத்தில் தென்னங்கீற்றும், தெற்கே வறண்ட நிலத்தில் பனையோலையும் என, அந்தந்த மண்ணில் கிடைப்பதே அந்தந்த ஊரின் கூரை ஆயிற்று.

சித்திரைத் திருவிழாவில் இக்கலை தன் முழு வடிவோடு விளங்குவதைக் காணலாம். கள்ளழகர் அழகர்கோயிலிலிருந்து மதுரைக்கு எழுந்தருளும் வழியெங்கும் மண்டகப்படிகள் அமைந்திருக்கின்றன. அவற்றுள் சில கல் மண்டபங்கள். பல, விழாவுக்கென எழுந்து விழாவோடு மறையும் பந்தல்கள். விழாவுக்கு முன்னரே நல்ல நாள் பார்த்துக் கால் நடுவதற்குக் கொட்டகை முகூர்த்தம் என்று பெயர். பிரிக்கப்படப் போகும் ஒரு கொட்டகைக்கும் முகூர்த்தம் பார்த்த மக்கள் அதனை இழிவாக எண்ணவில்லை என்பது தெளிவு. வழிநடைப் பந்தல்களில் மணலைப் பரப்பி அதன்மேல் மண்பானைகளை வைத்து, நீரும் மோரும் பானகமும் வழங்குவார்கள். நாற்புறமும் திறந்த பந்தல், கீழே ஈர மணல், மேலே ஓலை. வெயிலில் வந்தவர் நுழைந்ததும் உடல் குளிர்வதற்கு வேறென்ன வேண்டும்?

மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென அதனைக் கட்டினார். அதைச் சுற்றி நீர் நிறுத்துவதற்குப் பள்ளமான அகழி அமைக்கப்பட்டது. வரிசையான கால்கள், திறந்த பக்கங்கள், அருகே நீர் என அதன் அமைப்பெல்லாம் வேனிற்பந்தலின் அமைப்பே. பந்தலைக் கல்லாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கிறது என்பது என் கருத்து. சிற்ப வல்லுநர் இதனை ஒப்பாமலும் இருக்கலாம்.

மதுரைக்குக் கிழக்கும் தெற்குமாக விரிந்த சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் செம்மறியாட்டுக் கிடை அமர்த்தும் கீதாரிகளைச் சிலர் கண்டிருப்பீர்கள். இளங்குட்டிகளைக் காக்க அவர்கள் வைத்திருப்பது குடாப்பு. ஓலையாலும் குச்சியாலும் முடைந்த வளைந்த கூடு. கிடை பெயரும்போது கூடும் பெயரும். இத்தகைய அறிவு நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில், சோமாலி நாட்டு மேய்ச்சல் மக்களிடம் அகல் என்னும் வீடு உண்டு. வளைத்த கழிகளைச் சட்டமாக நிறுத்தி, பெண்கள் முடைந்த பாய்களை மேலே போர்த்துவர். இடம் பெயரும்போது முழு வீட்டையும் பிரித்து ஒட்டகத்தின்மேல் ஏற்றிவிடுவர். காங்கோவின் இதூரிக் காட்டில் வாழும் ம்பூத்தி மக்களிடையே பெண்கள் இளங்கழிகளை வளைத்து நட்டு, அகன்ற இலைகளை ஓடு போலச் செருகிச் சில மணி நேரத்தில் குடில் அமைத்துவிடுகிறார்கள். ஒருவரையொருவர் காணாத மக்கள், ஒரே வகையான கேள்விக்கு ஒரே வகையான விடையைக் கண்டிருக்கிறார்கள்.

இனி, இக்கலையின் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஓலைக்குத் தீ பகை. 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து மணமகன் உட்படப் பலர் மாண்டனர். அவ்வாண்டே ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீக்கு இரையாயினர். ஓலையே குற்றவாளி என்று அன்று எல்லோரும் கூறினர். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பழைய பந்தல் தரையில் நின்றது. நான்கு பக்கமும் திறந்திருந்தது. எத்திசையிலும் ஓடி வெளியேறலாம். கும்பகோணத்திலோ மாடியின்மேல் கூரை வேய்ந்து, இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு ஒன்றை வைத்து, அதனுள்ளே குழந்தைகளை நெருக்கி உட்கார வைத்தார்கள். ஓலையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓலையோடு வந்த அறிவை வெளியே விட்டுவிட்டார்கள்.

அதே ஆண்டின் இறுதியில், டிசம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைத் தாக்கியது. வீடிழந்தோர்க்கு விரைந்து குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுட் பலவற்றுக்குத் தார் பூசிய கறுப்புத் தகடுகளே சுவரும் கூரையும் ஆயின. கறுப்பு நிறம் வெயிலை விழுங்கும். தாழ்ந்த கூரை அவ்வெப்பத்தைத் தலைமேலேயே இறக்கும். கோடை வந்ததும் பகலில் உள்ளே இருக்க இயலவில்லை என்று மக்கள் முறையிட்டனர்.

தகடு வேண்டாம் என்று நான் கூறவில்லை. தீக்கு அஞ்சினால் தகடுதான் வேண்டும். ஆனால் அதை எப்படிப் போடுவது என்பதுதான் கேள்வி. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டில், காந்தோ என்னும் சிற்றூரில், அவ்வூரிற் பிறந்த பிரான்சிஸ் கேரே என்னும் கட்டடக் கலைஞர் 2001ஆம் ஆண்டில் ஒரு பள்ளியைக் கட்டி முடித்தார். மண்கட்டிச் சுவர்; மண்கட்டியாலேயே உட்கூரை; அதற்கு மேலே இடைவெளி விட்டுத் தகரக் கூரை. வெயில் தகரத்தைச் சுடும், இடைவெளியிற் புகும் காற்று அச்சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், வகுப்பறை குளிர்ந்திருக்கும். ஊர் மக்களே உடனுழைத்தார்கள். 2022ஆம் ஆண்டு உலகின் உயர்ந்த கட்டடக்கலைப் பரிசான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்கர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. நம் கல்யாணப் பந்தலில் கூரைக்குக் கீழே ஒரு முழம் விட்டு வெள்ளைத் துணியை விதானமாகக் கட்டுகிறோமே, அதுவும் இத்தகைய இரட்டைக் கூரைதான். அழகுக்கென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் கூரையைச் செப்பம் செய்தால் மட்டும் போதுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. அதற்குக் காரணம் மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்த தமிழர்க்குத் தமிழகமெங்கும் முகாம்கள் அமைந்தன. மதுரை மாவட்டத்தில் ஆனையூரிலும், உச்சப்பட்டியிலும், மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரிலும் அவை உண்டு. சில மாதங்களில் ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தில் எழுந்த குடில்கள் அவை. பல முகாம்களில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடி இடமே கிடைத்தது. அழகர் விழாக் கொட்டகைக்குக் கால் நடும் நாளிலேயே பிரிக்கும் நாளும் தெரியும். சோமாலிப் பெண்ணின் வீடோ ஒவ்வொரு பெயர்ச்சியிலும் பிரிந்து, பழுதான பாய் மாறி, புதிதாக எழும். முகாமின் குடிலுக்கு இவ்விரண்டும் இல்லை. பிரிக்கும் நாளை எவரும் குறிக்கவில்லை. புதுப்பிக்கும் முறையையும் எவரும் வகுக்கவில்லை. மாதங்கள் ஆண்டுகளாயின, ஆண்டுகள் பத்துப் பத்தாக அடுக்கின.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு அம்முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, மாநிலம் முழுவதும் பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. அதற்குள், அந்தக் குடில்களிற் பிறந்த குழந்தைகள் வளர்ந்து தாமே பெற்றோராகியிருந்தனர்.