காவிரிப் படுகையில் ஆயில் இன்ஜினும் 'மிஸ்ஸிங்' கண்டறியும் முறையும்

இன்ஜினின் சிலிண்டருக்குள் எரிய வேண்டிய எரிபொருள் ஏதோ ஒரு சுற்றில் எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ போவதை மிஸ்ஃபயர் என்பர். பட்டறை வழக்கில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். நெடுநாள் ஓடிய இன்ஜினில் வரும் மிஸ்ஸிங் பெரும்பாலும் தேய்மானத்தின் விளைவு. ரிங், பிஸ்டன், லைனர் மாற்றி முழு வேலை பார்த்த இன்ஜினில் வரும் மிஸ்ஸிங் வேறு வகை. அங்கே தேய்ந்த பாகங்கள் புதிதாகிவிட்டன. ஆகவே கோளாறு பெரும்பாலும் கடைசியாகக் கை பட்ட இடத்தில் இருக்கும். காவிரிப் படுகையில் ஆயில் இன்ஜின் பரவிய காலத்தில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது மெக்கானிக்கின் பிழைப்போடும் உழவரின் நாற்றங்காலோடும் சேர்ந்த விஷயமாக இருந்தது.

ஆற்றுப் பாசன நாட்டில் இன்ஜின் எதற்கு?

தஞ்சை நாட்டுக்குக் கல்லணை முதல் வாய்க்கால் வரை ஆற்று நீரே ஆதாரம். 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின், ஜூன் 12 அன்று அணை திறப்பது வழக்கமாயிற்று. அந்தத் தேதியை நம்பியே குறுவை சாகுபடி நடந்தது. ஆனால் அணையில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரப் பல நாள் ஆகும். அதற்குள் நாற்று வளர்ந்திருந்தால்தான் தண்ணீர் வந்ததும் நடவு செய்ய முடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குறுவையை அறுத்தாகவும் வேண்டும்.

1960-61இல் இந்தியாவில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. இதே காலத்தில் வடிமுனைக் குழாய்க் கிணறுகள் பெருகின. மக்கள் இவற்றை 'ஃபில்டர் பாயிண்ட்' என்றே சொல்கிறார்கள். களிமண்ணுக்குக் கீழே அதிக ஆழமில்லாத மணல் படுகையில் சல்லடைக் குழாயை இறக்கி, மேலே பம்பை வைத்து இறைப்பது இதன் முறை. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருந்ததால் அங்கே இது பயன்படவில்லை. மற்ற இடங்களில் ஆற்று நீருக்குக் காத்திராமல் நாற்றுவிட இதுவே வழி செய்தது. மின் இணைப்பு எட்டாத வயலில் பம்பை இயக்கியது ஆயில் இன்ஜின்.

நாற்று ஏறத்தாழ 25 நாள் பயிர். மே, ஜூன் வெயிலில் சில நாள் தண்ணீர் நின்றாலே அது காயத் தொடங்கும். வேலை பார்த்து வந்த இன்ஜின் மீண்டும் மிஸ் ஆனால் ஒரு போகமே கைநழுவும் அபாயம் உண்டு.

இன்ஜின் வந்த வழி

சென்னை மாகாணத்தில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஆல்பிரட் சாட்டர்டன் ஆயில் இன்ஜினையும் பம்பையும் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் சோதனைகளை நடத்தினார். பின்னர் இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவன இன்ஜின்கள் இந்தியாவில் பெயர் பெற்றன. 1946இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. லிஸ்டர் மாதிரியைப் பின்பற்றிய இன்ஜின்கள் ராஜ்கோட்டில் பெருமளவில் செய்யப்பட்டன. பம்புகளுக்குக் கோயம்புத்தூர் பெயர் பெற்றது. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் மூலம் பல சிலிண்டர் டீசல் இன்ஜினும் வயலுக்கு வந்தது.

காதுக்கு எட்டிய வேகம்

இன்ஜினுக்குள் நடப்பதை வெளியிலிருந்து அறியும் முயற்சி பழையது. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன், 1796இல் நீராவி இன்ஜினின் அழுத்த மாற்றத்தைத் தாளில் கோடாக வரையும் கருவியை அமைத்தார். வயல்வெளியில் அத்தகைய கருவி கிடையாது. அங்கே காதும் கையும் புகையின் நிறமுமே கருவிகள்.

லிஸ்டரின் புகழ்பெற்ற 6 குதிரைத்திறன் இன்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடியது. நான்கு வீச்சு இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு நடக்கும். ஆகவே நிமிடத்துக்கு 325 எரிப்புகள். நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். இந்த வேகத்தில் ஓர் அடி தவறினாலும் காது பிடித்துவிடும். பின்னர் வந்த 1500 சுற்று இன்ஜினில் நொடிக்கு 12 எரிப்புகளுக்கு மேல். அடிகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்க முடியாது. ஓட்டத்தின் கரடுமுரடு மட்டும் தெரியும். மூன்று சிலிண்டர் டிராக்டர் 2000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 50 எரிப்புகள். வேகம் கூடக்கூடக் காது மட்டும் போதாமல், முறையாகத் தேடும் வழி தேவைப்பட்டது.

வேலைக்குப் பின் தேடும் வரிசை

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே டீசல் பற்றுகிறது. எனவே மிஸ்ஸிங்குக்குக் காரணம் டீசல் சரியாக வராதது, அழுத்தம் நிற்காதது, நேரம் தவறியது என்ற மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். இவற்றை, பிரிக்கும் வேலை குறைவாக உள்ள இடத்திலிருந்து தொடங்கித் தேடுவதே நல்ல மெக்கானிக்கின் முறை. காரணம் அறியாமல் ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டும் வீண், நாளும் வீண்.

முதலில் காற்று. டீசல் குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். ஃபில்டரிலும் பம்பிலும் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை வழியவிட வேண்டும்.

அடுத்து நாசில். அதில் தூசி அடைத்திருக்கலாம். பழைய செம்பு வாஷரை எடுக்காமல் அதன்மேல் புதியதை வைத்திருக்கலாம். அப்போது நாசில் சரியாக உட்காராமல் அழுத்தம் கசியும். கழற்றிய நாசிலைக் குழாயில் மாட்டி இன்ஜினைச் சுற்றினால் டீசல் பனிபோலத் தெறிக்க வேண்டும்; சொட்டினால் நாசில் சரியில்லை. அந்தத் தெறிப்பின் எதிரே கையை நீட்டக் கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மூன்றாவது டேப்பட் இடைவெளி. குளிர்ந்தபோது நன்றாக ஓடி, சூடானதும் மிஸ் ஆனால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். இடைவெளி இல்லாமல் வைத்திருந்தால், வெப்பத்தில் நீளும் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் போய்விடும்.

நான்காவது அழுத்தம். ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் அழுத்த வீச்சில் அது எதிர்த்து நின்று பின்னுக்குத் தள்ள வேண்டும். வழுக்கிச் சென்றால் வால்வு, கேஸ்கட், ரிங் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியில் டைமிங். கியரின் குறிகள் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

புகையும் சேதி சொல்லும். வெண்புகை எரியாத டீசலைக் காட்டும். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. புது ரிங் பழகும்வரை இது சிறிது வரலாம், பிறகு அடங்க வேண்டும்.

பல சிலிண்டர் இன்ஜினில் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மெதுவாக ஓடும்போது நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் ஓட்டம் தடுமாறும். மாற்றமே தெரியாத சிலிண்டர்தான் குற்றவாளி. பிறகு அதன் நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுவார்கள். கோளாறும் கூடவே போனால் நாசிலைப் பார்க்க வேண்டும். அங்கேயே நின்றால் அந்த சிலிண்டரின் வால்வையோ அழுத்தத்தையோ பார்க்க வேண்டும்.

இந்த வரிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. வேலை முடிந்த இன்ஜின் மிஸ் ஆனால் மெக்கானிக் உதிரிபாகக் கடையைச் சொல்வார், கடைக்காரர் லேத் பட்டறையைச் சொல்வார், பட்டறை மெக்கானிக்கைச் சொல்லும். நடுவில் நிற்பவர் காசு கொடுத்த உழவர். காரணத்தைச் சோதனையால் காட்டினால், யார் செலவில் சரிசெய்வது என்ற வழக்கும் முடிந்துவிடும்.

இன்றைய நிலை

உழவர்களுக்கு இலவச மின்சாரம் வந்தபின் ஆயில் இன்ஜின் மெல்லப் பின்வாங்கியது. ஆனாலும் மின் இணைப்பு கிடைக்காதவர்களிடமும், வயலில் தேங்கும் மழைநீரை இறைப்பவர்களிடமும் அது இன்னும் ஓடுகிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறக்க இயலவில்லை. 2020இல்தான் உரிய நாளில் திறந்தார்கள். அந்த இடைவெளியில் குறுவைக்கு நிலத்தடி நீரே பெரிதும் கைகொடுத்தது.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதிகள் வந்தன. இவ்வகை டிராக்டர்களில் மின்னணு கட்டுப்பாட்டுடன் காமன் ரெயில் முறை பரவிவருகிறது. இதில் டீசலின் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகும் என்பதால், ஓடும்போது நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய சோதனை உயிருக்கே ஆபத்து. ஸ்கேனரை மாட்டினால் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று எண்ணைக் காட்டும். ஏன் என்ற கேள்விக்கு, கடைசியாக எதைக் கழற்றினோம், எதை மாட்டினோம் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது இன்றும் மெக்கானிக்கின் வேலையாகவே இருக்கிறது.