பெருநாள் இனிப்பும் நயினார் வீட்டு வாசலும்





திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் அமைந்த ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இங்குதான் இருக்கிறது. நயினார் என்று நம் பகுதியில் மரியாதையோடு அழைக்கப்படும் அந்தச் சமூகத்தாரோடு அண்டை அயலாராக வாழ்ந்து பழகியவர்கள் நாம். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நோன்புப் பெருநாள் காலையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

செஞ்சிப் பக்கம் பெயர்பெற்ற இனிப்பு முட்டை மிட்டாய். முட்டை, சர்க்கரை, கோவா, நெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பக்குவமாகச் சுட்டெடுக்கும் பண்டம் அது. என் தகப்பனார் அதை ஒரு தட்டில் அடுக்கி, அடுத்த தெருவிலிருந்த நயினார் வீட்டிற்கு என்னிடம் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டு அம்மையார் தட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன இனிப்பு தம்பி?" என்று கேட்டார். "முட்டை மிட்டாய்" என்று பெருமையோடு சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எங்க வீட்டுல முட்டை சேர்க்கறதில்லப்பா, நீயே சாப்பிடு" என்று சொல்லி, தட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கற்கண்டை வைத்துத் திருப்பி அனுப்பினார். நடந்ததைக் கேட்ட என் தகப்பனார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும், தவறு நம்முடையது" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கற்கண்டின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்திய மண்ணில் வளர்ந்தது. வடமொழியின் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'ஸுக்கர்' ஆயிற்று. கட்டிச் சர்க்கரையைக் குறிக்கும் 'கண்ட' என்ற சொல் 'கந்த்' என்று அரபு நாடுகளுக்குச் சென்று, பின்னர் ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆயிற்று. நம் 'கற்கண்டு' அதே குடும்பத்துச் சொல். அரபியரின் ஆட்சி பரவியபோது கரும்புச் சாகுபடி எகிப்து, சிசிலி, அந்தலூஸ் வரை பரவியது. பாக்தாத் நகரில் இனிப்புச் சமையல் ஒரு தனிக் கலையாகவே மதிக்கப்பட்டது. 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலும், 1226இல் முஹம்மத் அல்பாக்தாதி எழுதிய சமையல் நூலிலும் இனிப்புகளுக்கு உரிய இடம் உண்டு. இனிப்பு என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்த 'ஹல்வா'தான் நம் ஊர்க் கடைகளில் அல்வாவாக அமர்ந்திருக்கிறது.

அந்தலூஸிலிருந்து கரும்பு மேற்கே பயணப்பட்டது. 1493இல் கொலம்பஸ் தமது இரண்டாவது பயணத்தில் கரும்பைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். அந்தப் பக்கத்து மக்களான மாயர்களும் அஸ்டெக்குகளும் கொக்கோ விதையை அரைத்துக் கசப்புப் பானமாக அருந்தி வந்தனர். அதன் விதைகளை நாணயமாகவும் புழங்கினர். கொக்கோவின் கசப்போடு சர்க்கரை சேர்ந்தபோதுதான் இன்று நாம் அறியும் சாக்லேட்டுக்கு வழி பிறந்தது. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுக்கும் அழுத்துப்பொறிக்கு உரிமை பெற்றார். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃபிரை நிறுவனம் கடித்து உண்ணும் சாக்லேட் கட்டியை உருவாக்கியது. 1875இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சாக்லேட்டைச் செய்து முடித்தார்.

இந்த இனிப்பின் பின்னால் ஒரு கசப்பும் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து இலட்சக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். இன்றும் உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அந்தத் தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்வது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. ஹலாலோடு தய்யிபையும், அதாவது தூய்மையையும், நாடச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆகவே வாங்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் நம் கடமையே.

கொக்கோ நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அதைப் பயிரிட்டுப் பார்த்தனர். இன்று பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது விளைகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் வீட்டில் செய்த சாக்லேட் என்று விற்கும் கடைகளைப் பார்க்காமல் திரும்புவோர் இல்லை.

இனி, அன்பளிப்பின் செய்திக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று அவர்கள் கேட்டபோது, எவருடைய வாசல் நெருக்கமானதோ அவருக்கு என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று வீட்டாரிடம் வலியுறுத்திக் கேட்டார்கள். வாசல் நெருக்கத்தைப் பார்க்கச் சொன்ன மார்க்கம், அந்த வாசலுக்கு உள்ளே இருப்பவரின் மதத்தைக் காரணம் காட்டி விலக்கச் சொல்லவில்லை.

சமண அண்டை வீட்டார் புலாலையும் முட்டையையும் மட்டுமன்றித் தேனையும் தவிர்ப்பவர்கள். மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளை விலக்குவோரும், சூரியன் மறைந்தபின் உண்ணாதோரும் அவர்களுள் உண்டு. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டு இருக்கிறது. உணவைக் கட்டுப்படுத்துவதை வழிபாடாகக் கருதும் மக்கள் அவர்கள். ரமளானில் பகல் முழுதும் வாய் கட்டிய நமக்கு அந்த உணர்வு புரியாமல் போகலாகாது. நமக்கு ஹராமான ஒன்றை அறியாமல் ஒருவர் நீட்டினால் நாம் எப்படிச் சங்கடப்படுவோமோ, அதே சங்கடம் அன்று அந்த அம்மையாருக்கும் இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பெருநாளுக்கு முதல்நாள் பேரீச்சை சாக்லேட் செய்கிறோம். 25 பேரீச்சம்பழங்களைக் கீறிக் கொட்டை நீக்கி, வறுத்த பாதாமையோ முந்திரியையோ உள்ளே வைத்து மூட வேண்டும். 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டைச் சிறுதுண்டுகளாக்கி ஒரு கிண்ணத்தில் இட வேண்டும். வேறொரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்துக் கிளறினால் சாக்லேட் உருகும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அது திரண்டு கெட்டியாகிவிடும்; கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும். பழங்களை அதில் தோய்த்து, வெண்ணெய்த்தாளில் அடுக்கி, குளிர்ப்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் போதும். நம் பகுதி வெயிலில் சாக்லேட் விரைவில் உருகும் என்பதால் காலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பகலில் கொடுத்தால், இருட்டியபின் உண்ணாதவர்களுக்கும் அது வசதி.

சாக்லேட் வாங்கும்போது உறையைப் படியுங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் முட்டையும் விலங்கு ஜெலட்டினும் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் தேன் பச்சைப் புள்ளிக்குத் தடையன்று, மதுவும் அப்படியே. தேன் அவர்களுக்கு ஆகாது, மது நமக்கு ஆகாது. ஆகவே சேர்மானப் பட்டியலையும் பார்ப்பது இரு வீட்டாருக்கும் நன்மை. அதற்கும் மேலாக, "உங்களுக்கு எது ஆகும்?" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விரத நாள்களில் இதையும் தவிர்ப்போர் இருக்கக்கூடும்.

என் தகப்பனார் இன்று இல்லை. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக. சென்ற பெருநாளில் என் மகன் அதே தெருவிற்குத் தட்டை எடுத்துச் சென்றான். வெறுந்தட்டாகத் திரும்பவில்லை, அதே பழைய வழக்கப்படி ஓரத்தில் கற்கண்டு இருந்தது. ஆனால் இம்முறை நாங்கள் கொடுத்தனுப்பிய இனிப்பு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.