காய்க்குக் கிடைத்த பட்டம்

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். அங்கே விலைபோகும் காய்க்குப் பட்டம் உண்டு: 7 மி.மீ. சல்லடையில் நின்றால் ஏஜிஇபி, 6-இல் ஏஜிபி, 5-இல் ஏஜிஎஸ் என்பது அக்மார்க் கணக்கு. முதல் இரண்டு எழுத்தும் ‘ஆலப்பி பச்சை’யைக் குறிப்பவை. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமையாக வைத்திருந்த 19ஆம் நூற்றாண்டில் மலைச்சரக்கு போய்ச் சேர்ந்த துறைமுகம் அது. துறைமுகத்தை இத்தனை காலம் நினைவில் வைத்த வணிகம், காயைப் பறித்துப் பொறுக்கிய கைக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. படிப்பில்லாததால்தான் தோட்டத் தொழிலாளி மேலே வரவில்லை என்பார்கள். அவர் கற்றதை எவரும் கணக்கில் எழுதவில்லை என்பதே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

கற்றது கொஞ்சமல்ல. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். உள்ளே விதை கறுத்து, தோல் பச்சை மாறாத காயை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சு உலர்த்தும்போது சுருங்கிவிடும். பழுத்தது வெடித்து நிறம் இழக்கும். தோலைப் பிளக்காமல் விதையை அறியும் இந்தப் பழக்கம், போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியலில் ஜீப்பேறிப் போகும் பெண்களுக்கு மூத்தவர்களின் பக்கத்தில் குனிந்து நின்று வந்தது. கூடுதல் கிலோவுக்குக் காசு கிடைக்கலாம். கூடிய அறிவுக்கு நாட்கூலியில் இடமில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம்கூடத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று நினைத்ததே தவிர, தொழிலாளி கற்றதைப் பற்றி நினைக்கவில்லை.

கைப்பழக்கத்தைப் பாடமாக்க முடியாது என்பார்கள். ஆனால் தோட்டத்தில் கற்றது ஊருக்கே போய்ச் சேர்ந்ததும் உண்டு. பாம்பாடும்பாறையில் 1956 முதலும் மைலாடும்பாறையில் 1978 முதலும் ஏல ஆராய்ச்சி நடக்கிறது. ஆனாலும் இடுக்கி முழுக்கப் பரவிய ஞள்ளானி ரகம் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப்பின் தோட்டத்தில் பிறந்தது. தோட்டத்தில் கண்டறிந்தது பெயர் பெற்று ஊர் ஊராகப் போக முடிந்ததற்கு அவரிடம் நிலம் இருந்ததும் ஒரு காரணம். கூலிக்காரரின் கண்டுபிடிப்பு முதலாளியின் சாக்கோடு போய்விடும்.

படித்த பிள்ளை மலையேறாது என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் மலையில் படிப்புக்கேற்ற படி ஒன்றை யார் வைத்தார்கள்? 2007இல் கூவிக் கேட்ட ஏலம் கணினித் திரைக்கு மாறியது. கிட்டங்கிகளில் நிறம் பிரிக்கும் இயந்திரமும் வந்தது. பொறுக்கும் பெண்ணின் கண்ணுக்குச் சான்று ஏதும் இருந்திருந்தால், இயந்திரத்தைச் சரிபார்க்கும் வேலையை அவர் உரிமையோடு கேட்டிருக்கலாம். 2015இல் வந்த பிரதமரின் திறன் திட்டத்தில், பழகிக் கற்றதற்குச் சான்றளிக்கும் பிரிவும் உண்டு. வெறும் தாள் கூலியை உயர்த்தாது என்றால், சரி, உயர்த்தாது. கூலியிலும் படிகள் வேண்டும். 1 மி.மீ. வித்தியாசத்துக்கு வேறு விலை கொடுக்கும் சந்தைக்கு இது புரியாத கணக்கல்ல.