ஷ்கெதெஞ்: கூரையிட்ட களமும் ஓர் ஊர்ப்பெயரும்

இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துத் தென்பகுதியில் இன்று ஒரு பேட்டையாகிவிட்ட பழைய உழவர் ஊருக்கு இரண்டு பெயர்கள். இத்தாலியர் செர்வொலா என்பார்கள். அங்கே உழுது வாழ்ந்த ஸ்லோவேனியர் ஷ்கெதெஞ் என்பார்கள். ஒன்றைப் பெயர்த்து மற்றொன்று வரவில்லை. செர்வொலாவை, சிறுகாடு என்று பொருள்படும் லத்தீன் சில்வுலாவோடு இணைப்பது வழக்கம். ஷ்கெதெஞ் என்பதோ காடு போய், விதைத்து, அறுத்த பிறகு தேவைப்படுவது: கதிரடிக்கும் தளமும் வைக்கோலும் தானியமும் ஒரே கூரைக்குள் அடங்கும் கட்டடம். பொதுவழக்கில் அது ஸ்கெதெஞ். வட்டார வழக்கில் முதலெழுத்து ஷகரமானது.

இச்சொல் ஸ்லாவிய வேரினது அல்ல. பழைய உயர் ஜெர்மனில் ஸ்குகினா. அதன் வழிவந்ததே இன்றைய ஜெர்மனில் களஞ்சியக் கட்டடத்தைக் குறிக்கும் ஷொய்னே. அப்படியானால் ஊரை நிறுவியவர்கள் ஜெர்மானியரா என்று கேட்கலாம். சொல் வந்த வழியிலேயே ஆளும் வந்தார் என்று கொள்வதுதான் இங்கே பிழை. ஸ்லாவியரிடம் களத்துக்குக் கும்னோ என்ற சொந்தச் சொல் இருந்தது. திரியெஸ்தேயை அடுத்த கார்ஸ்ட், இஸ்திரியா பகுதிகளில் அது திறந்தவெளிக் களத்தையே குறித்தது. ரஷ்யாவில் அதே சொல் கூரையையும் சேர்த்துக் குறிப்பதுண்டே என்றால், உண்மைதான். ஆனால் ஸ்லோவேனியர் வெட்டவெளிக்குப் பழைய சொல்லை வைத்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிக் கதிரடிக்கும் கட்டடத்துக்கு அண்டையார் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஊர்ப்பெயரில் இருப்பதும் ஜெர்மன் வடிவம் அல்ல, ஸ்லோவேனிய நாவில் தேய்ந்து உருமாறிய வடிவம். பெயர் வைத்தவர் யார் என்பதற்கு வேரைவிட இந்த உருமாற்றமே நல்ல சாட்சி.

இன்னொரு வாதம் கேட்க இனிமையானது: களஞ்சியப் பெயர் கொண்ட ஊர் என்பதால்தான் ரொட்டிக்குப் பேர்போனது என்பது. ஷ்கெதெஞ் பெண்கள் வீட்டு அடுப்பில் ரொட்டி சுட்டு, கூடையில் நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அவர்களுக்குக் க்ருஷாரிட்சே என்று பெயர். ஆனால் இத்தொழிலைப் பெருக்கியது களம் அல்ல, சந்தை. 1719இல் திரியெஸ்தே சுங்கமற்ற துறைமுகமானது, மக்கள் குவிந்தார்கள், அத்தனை வயிற்றுக்கும் ஒரு கிராமத்து வயல் எப்படிப் போதும்? அதே துறைமுகத்தின் வசதியை நம்பித்தான் 1890களின் இறுதியில் ஊருக்குக் கீழே கரையோரம் இரும்பாலை எழுந்தது. அதன் ஊதுலை 2020 வரை எரிந்தது. அதற்கு ஊர்ப்பெயரில் காரணம் தேட யாரும் முனையவில்லை. க்ருஷாரிட்சே என்பதன் அடிச்சொல்லான க்ரூஹ், அதாவது ரொட்டி, உடைத்தெடுத்த துண்டு என்ற பொருளில் தொடங்கிய அசல் ஸ்லாவியச் சொல். சொல்லின் வேரைக் கொண்டு இனம் பிரிப்பவர்கள், ஒரே வீட்டின் களஞ்சியத்தை ஜெர்மானியருக்கும் அடுப்பை ஸ்லாவியருக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.