பத்தேவியா வைத்தியரின் கணுக்கால்

2006-ல் அம்மாவுக்கு சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் நாலே நாளில் போச்சு, மூட்டு வலி போகவில்லை. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மாடிப்படி என்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று ஏறுவார். "ரத்தத்துல இப்ப வைரஸே இருக்காதும்மா, எல்லாம் மனசுதான்" என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பியது எனக்கு இன்னும் உறுத்தல். வைரஸ் போன பிறகு எதுதான் வலிக்கிறது? இந்தக் கேள்வியோடு தேடப் போய், 1779-ல் கொண்டுவந்து விட்டது.

பத்தேவியா, இன்றைய ஜகார்த்தா. டச்சுக்காரர்களின் ஊர். அந்த வருஷம் ஒரு காய்ச்சல் ஊரையே படுக்க வைத்தது. விரல்கணுக் காய்ச்சல் என்ற பொருளில் டச்சு மொழியில் அதற்கொரு பெயர். நகரத்து அறுவை மருத்துவர் டேவிட் பைலனையும் அது விடவில்லை. மே 25, மாலை 5 மணி. நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கையில் வலது கையில் வலி தொடங்குகிறது. ஒன்பது மணிக்குக் கடும் காய்ச்சலோடு படுக்கையில். ஐந்து நாள் வீட்டோடு. மூன்று வாரம் கழித்து எழுதும்போதும் கணுக்கால் இறுக்கம் விடவில்லை என்கிறார். காலையில் எழுந்ததும் கஷ்டம், சற்று உட்கார்ந்து எழுந்தால் கஷ்டம், படி ஏறி இறங்குவது பெரும் கஷ்டம். படித்ததும் எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தார்.

விஷயம் என்னவென்றால், டெங்குவின் ஆரம்பகாலப் பதிவு என்று நெடுங்காலம் காட்டப்பட்டது இந்தக் குறிப்புதான்!

சிக்குன்குனியா என்ற பெயரே 1952-53-க்குப் பிறகுதான். தாங்கனிக்காவின் மக்கோண்டே மேட்டுநிலத்தில் பரவியதை மரியன் ராபின்சனும் லம்ஸ்டனும் விவரித்தார்கள், ராஸ் வைரஸைப் பிரித்தெடுத்தார். உடலை வளைத்துப் போடுவது என்ற பொருளுள்ள மக்கோண்டே மொழிச் சொல் அது. (ஸ்வாஹிலி என்று பலரும் எழுதுகிறார்கள், தவறு.)

1964-ல் அது வேலூருக்கு வந்தது. கூடவே டெங்குவும் இருந்தது. இரண்டையும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் டொனால்ட் கேரி. 1971-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். டெங்குவிலும் எலும்பு நொறுங்குகிற மாதிரி வலிக்கும், ஆனால் பெரும்பாலும் காய்ச்சலோடு போய்விடும். வாரக்கணக்கில் மூட்டு இறுகிக் கிடப்பது சிக்குன்குனியாவின் குணம். ஆகவே பைலனுக்கு வந்தது சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்றார். 'டெங்கு' என்ற பெயரே முதலில் இந்த மூட்டு நோய்க்கு வழங்கி, பிறகு இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதும் அவர் வாதம். எங்கள் தொழிலில் அடிக்கடி பார்ப்பதுதான்: லேபிள் ஒன்று, உள்ளே டேட்டா வேறு. பைலனின் ரத்தம் நம்மிடம் இல்லை, நிரூபிக்க முடியாது. வேலூர் மாதிரி அங்கேயும் இரண்டும் கலந்து பரவியிருக்கலாம். ஆனாலும் அந்தக் கணுக்கால் சாட்சியம் எனக்குப் போதுமானதாகவே படுகிறது.

சரி, வலி ஏன் தங்குகிறது? வைரஸ் மூட்டு உறையின் செல்களுக்குள் நுழைகிறது. அவை அபாய சிக்னல் அனுப்ப, ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் திரண்டு வந்து மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. அவை கொட்டுகிற ரசாயனங்கள்தான் வீக்கத்தை வளர்க்கின்றன. சிடி4 டி செல்களுக்கும் இதில் பெரிய பங்கு. அந்த செல்கள் இல்லாத எலிகளில் வைரஸ் குறையவில்லை, பாத வீக்கம் மட்டும் வெகுவாகக் குறைந்தது. அதாவது, வீட்டை இடிப்பது திருடன் அல்ல, பிடிக்க வந்த போலீஸ். அப்படியானால் மோனோசைட்டுகளை மூட்டுக்குள் விடாமல் தடுத்தால்? எலிகளில் அதையும் பார்த்தார்கள். நியூட்ரோஃபில்கள் கூட்டமாக நுழைந்து நிலைமை இன்னும் மோசமானது.

2005-06-ல் பெரும் தொற்றைக் கண்ட ரீயூனியன் தீவில், நோய் வந்து 18 மாதம் ஆன ஒருவரின் மூட்டு மேக்ரோபேஜ்களில் வைரஸின் ஆர்என்ஏ கிடைத்தது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த டாக்டர் பேசியது ரத்தத்தைப் பற்றி, அம்மாவுக்கு வலித்தது மூட்டில்.

பைலன் கதையை அம்மாவிடம் சொன்னேன். "பாவம், அவருக்கு எப்போ சரியாச்சாம்?" என்று கேட்டார். மூன்றாவது வாரத்தில் எழுதிய குறிப்பும்மா அது, அவ்வளவுதான் இருக்கு என்றேன்.